காய்ச்சலின் முதல் நாள் எது?

கொரோனாவின் இரண்டாம் அலை ஊரைப் புரட்டிப் போட்டிருந்த வைகாசி மாதம். கருடசேவைக்கு ஜனம் திரளாமல், காஞ்சிபுரத்து வீதிகள் காற்றுக்கு மட்டும் வழிவிட்டுக் கிடந்தன. என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது அப்போதுதான். அப்போதுதான் என்று சுலபமாக எழுதிவிட்டேன். சரியாக எப்போது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது.

அவர் பட்டு நெய்கிறவர். நானும் கூடவே உட்காருவேன். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் உடலை நெய்ய, நான் பக்கத்தில் இருந்து கரைக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவேன். சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தாரே தவிர, இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. "பம்பிங் கம்மி" என்று இதய டாக்டர் சொன்னது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. குழம்புக்கு உப்புப் போடும்போது என் விரல்கள் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் பாதியில் நிற்கும்.

அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, புதுப் பாவு தொடங்கினோம். பாவு என்பது சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் சில சேலைகள் வரும். முதல் விரற்கடை நெய்து முடிப்பதற்குள் அவர் கை என் கையில் உரசியது. சுட்டது. நெற்றியைத் தொட்டேன், அதுவும் சுட்டது. எழுந்திருங்கள் என்றேன். "ஒண்ணுமில்ல, குழியில புழுக்கமா இருக்குது" என்றார். கால் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழிக்குள் எப்போதும் குளிர்ச்சிதான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள். அடுத்த நாள் கொரோனா உறுதி என்று போனுக்கு வந்தது.

ஆனால் ஆள் நன்றாகத்தான் இருந்தார். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் நல்ல எண்ணையே காட்டியது. கஞ்சி குடித்தார். என் கபசுரக் குடிநீரைப் பழித்தார். எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து போகும் ஒவ்வொரு முறையும் நான் வாசலுக்கும் அவர் அறைக்கும் அலைந்தேன். அவரோ சுவர்ப்பக்கம் திரும்பி, யார் வீட்டில் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பயப்படுவதா, நிம்மதியாக இருப்பதா என்றே தெரியாத நாட்கள். நோயாளி நிதானமாக இருக்க, நான் மூச்சு வாங்கினேன்.

எங்கள் மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஊரடங்கில் வர முடியாமல் போனிலேயே எங்களை ஆண்டுகொண்டிருந்தாள். அவள்தான் அந்த மருந்தைப் பற்றி முதலில் சொன்னாள்.

"அம்மா, ஆன்டிபாடி காக்டெயில்னு ஒண்ணு வந்திருக்குது. கிருமிய எதிர்க்க நம்ம உடம்பு தயார் பண்ணவேண்டியத, அவங்களே தயார் பண்ணி ட்ரிப்ஸ்ல ஏத்துவாங்க. ஒரே ஒரு தடவதான். அப்பா மாதிரி ஹார்ட் ப்ராப்ளம் இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துலயே குடுத்தா சீரியஸ் ஆகாம பாத்துக்குமாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "காக்டெயில்னா சரக்காச்சே! ஹார்ட் பேஷன்டுக்கு அதெல்லாம் குடுப்பாங்களா?"

"நல்லாத்தானே பேசிக்கினு இருக்காரு. இவருக்கு எதுக்குமா அவ்ளோ பெரிய மருந்து?" என்றேன்.

"நல்லா இருக்கும்போதுதான் குடுக்கணும்மா. மோசமாயிட்டா குடுக்க மாட்டாங்க."

எனக்கு அது புரியவே இல்லை. அடுத்த தெருவில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுக்கை கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறார். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போடுகிறவருக்கு மருந்து இருக்கிறது என்கிறாள். விழுந்தவனைத் தூக்கும் மருந்தைத்தான் நான் அறிவேன். நிற்கிறவன் விழாதிருக்க ஒரு மருந்து என்பது கைக்குள் அடங்காத தண்ணீர் மாதிரி இருந்தது. இதய டாக்டரைப் போனில் பிடித்தோம். அவர் அவசரத்தில் பேசினார். கிடைத்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்; ஆனால் நோய் கண்டு எத்தனையாவது நாள் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம் என்றார்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருப்பதாக மகள் தேடிக் கண்டுபிடித்தாள். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. ஒரு டப்பாவில் இரண்டு பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சீக்கிரம் பயன்படுத்தியாக வேண்டும். அதனால் தனியாக ஒருவருக்காகத் திறக்க மாட்டார்கள், ஜோடி சேர வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது தெரியும், காய்ச்சலுக்குப் பொருத்தம் பார்த்தது அப்போதுதான். வாலாஜாபாத்திலிருந்து, பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் ஜோடிக்காகக் காத்திருப்பதாகவும், திங்கட்கிழமை காலையில் வந்துவிடச் சொல்லியும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். விலை எவ்வளவு என்று கேட்டதற்கு மகள், "அத என்கிட்ட விடு" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி அவரே நடந்து உள்ளே போனார். கதவருகில் திரும்பி, வெளியூர் போகிறவர் மாதிரி கையாட்டினார்.

கூட வந்தவர்களுக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். இரண்டு முகக்கவசம் மாட்டிய ஒரு அம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"காஞ்சிபுரமா? நீதான் எங்க ஜோடியா?"

தலையாட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரு காலம் பூரா பஸ்ஸுல 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்துனவரு. இன்னைக்கு அவர உள்ள அனுப்பிட்டு நான் படிக்கட்டுல தொங்கிக்கினு இருக்கேன்."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "ரெண்டு ஆம்பளைக்கும் ஒரே டப்பா. இனிமே நாம சம்பந்திங்க. எலுமிச்ச சோறு கட்டியாந்திருக்கேன், ரெண்டு பேருக்கும் மருந்து ஏறட்டும், பிரிச்சித் துன்னலாம்."

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். பிளாஸ்டிக் உடைக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. சின்ன வயதுக் கண்கள். இரண்டு பேர் விவரமும் கேட்டார். என்னிடம், "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுதும்மா?" என்றார்.

"புதுப் பாவு போட்ட அன்னைக்கு, டாக்டர்."

"கிழமை சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை."

"ரொம்ப நல்லது, சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்க" என்று எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் இரண்டு பேருக்கும் ஏற்றிவிடலாம், இது புது மருந்து, முழு உத்தரவாதம் தர முடியாது, ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்றெல்லாம் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். கண்டக்டரின் மனைவி வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து என் கணவர் போன் செய்தார்.

"இன்னா, எதுனா சாப்ட்டியா? இங்க ஏசி போட்டு வச்சிருக்கானுங்க, ராஜா மாதிரி இருக்கேன். பக்கத்துக் கட்டில்ல அந்தக் கண்டக்டரு. டிக்கெட் எடுத்தியான்றாரு என்னப் பாத்து." பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு எடுத்தார். "இந்த முதுகு வலிதான் இன்னும் விடல. சேலை அறுத்த அன்னைக்குப் புடிச்சது."

"எந்தச் சேலை?"

"பழைய பாவுல கடைசிச் சேலை. தறியிலேருந்து அறுத்து எடுத்தோமே, அன்னைக்கு ராத்திரி குளிரு வேற வந்துது. நான்தான் ரெண்டு போர்வ போத்திக்கினு படுத்தேன். நீ தூங்கிட்ட."

"அத ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? தறி நின்னா உடம்பு நோவத்தானே செய்யும்!"

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். தறி இருக்கும் வீட்டில் நாட்காட்டி சுவரில் தொங்கும். நாளை எண்ணுவது என்னவோ தறிதான். கடைசிச் சேலையை அறுத்த பிறகு புதுப் பாவைப் பிணைத்து ஏற்றும்வரை தறி நிற்கும். அமாவாசையன்று தறியில் உட்காரவே மாட்டோம். அமாவாசை நெருங்கிவிட்டால், அது கழியட்டும் என்று புதுப் பாவைத் தொடங்காமல் காத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வைகாசியில் சேலை அறுத்ததற்கும் அமாவாசைக்கும் நடுவே நல்ல இடைவெளி விழுந்திருந்தது. அத்தனை நாளும் அவர் படுத்தே கிடந்தார். நானும் படுத்தேன். தறி நிற்கும் நாளில் யாரும் யாரையும் ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. நாளெல்லாம் மிதித்துப் பழகிய கால், மிதிக்காத நாளில்தான் கடுக்கும். அது எங்களுக்கு நோய் கிடையாது. அந்த நாட்களே எங்களுக்கு நாட்கள் கிடையாது. அதனால்தான் டாக்டர் கேட்டதும் என் வாய் நேராக வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு வாரத்தின் பெரும்பகுதி, குளிரும் வலியுமாக, எங்கள் கண்ணெதிரிலேயே ஒளிந்து கிடந்திருக்கிறது.

அப்படியானால் முதல் நாள் எது? சேலை அறுத்த அன்றா? அந்த வலி நோயுடையதா, தறியுடையதா? நடுவில் ஒரு நாள் சாம்பாரில் வாசனையே இல்லை என்றாரே, அது நோயா, நான் பெருங்காயம் போட மறந்ததா? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு நாளும் கலங்கியது. எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் கொஞ்சம் காய்ச்சலும் கொஞ்சம் சோம்பலும் ஒட்டிக்கொண்டு வந்தன.

ஒன்று மட்டும் தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொண்ட வெள்ளிக்கிழமை தப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே மருந்து தயாராகிறது. சொன்னால் நாள் கடந்துவிட்டது என்று கொடுக்காமல் போகலாம். நாங்கள் விலகினால் ஜோடியும் உடையும். அந்தக் கண்டக்டருக்கும் கிடைக்காது. சொல்லாமல் இருந்தால் மருந்து ஏறும். ஏறட்டுமே, நல்லதுதானே? ஆனால் நாளைக் கேட்டுத்தானே கொடுக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு காரணம் இல்லாமலா இருக்கும்?

தனியாகத் தாங்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கண்டக்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியதை இரண்டு முகக்கவசங்களும் மறைக்கவில்லை.

"ஐயோ, இத ஏம்மா என்கிட்ட சொன்ன?"

"நீங்க இன்னா நெனைக்கிறீங்கக்கா?"

"நான் இன்னாத்த நெனைக்கறது! சொல்லாதன்னா என் புருஷனுக்காக உன் புருஷன பலி குடுத்த மாதிரி. சொல்லுன்னா என் கையாலயே என் வூட்டுக்காரரு மருந்த எடுத்துக் கீழ ஊத்தின மாதிரி. உன் வாய நீயே வச்சிக்கினு இருந்திருக்கக் கூடாதா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் மறுகோடிக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து போய் வாசலில் இருந்த நர்ஸிடம், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்திருக்க முடியவில்லை, கால் தானாக நடந்தது. டாக்டர் உள்ளேயிருந்து போனிலேயே கேட்டார். பாவு, அமாவாசை, போர்வை, சாம்பார் என்று நான் உளறியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இருங்கம்மா, அவர நடக்க வச்சிப் பாக்குறேன்" என்றார். நோய் முற்றும் நாட்களில் உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கும் ஆக்ஸிஜன் எண், நடந்தால் இறங்கிவிடுமாம்.

இறங்கியது. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதற்குள் இறங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டரே வெளியே வந்தார்.

"அவருக்கு இப்போ ஆக்ஸிஜன் தேவைப்படுதும்மா. இந்த நெலமையில அந்த மருந்து தரக் கூடாது. பலன் இருக்காது, கெடுதலா முடியலாம்னும் எச்சரிச்சிருக்காங்க. வேற மருந்து ஆரம்பிச்சிட்டோம்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"வெள்ளிக்கிழமைன்னு நெனச்சி ஏத்தியிருப்பேன்."

"ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும் டாக்டர்?"

"தெரியாதும்மா. நெஜமாவே தெரியாது."

கண்டக்டருக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. வேறு ஜோடி தேடுகிறோம் என்று மறுகோடிக்குப் போய்ச் சொன்னார். அந்த அம்மாள் சோற்றுக் கூடையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். வெயில் கொட்டகைத் தகரத்தில் இறங்கித் தகித்தது. எங்கள் இருவருக்கும் நடுவே காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உள்ளே என் கணவர் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார், அவர் கணவர் வராத மருந்துக்காகக் காத்திருக்கிறார். இரண்டுக்கும் காரணம் என் ஒரு வாக்கியம் என்றே தோன்றியது. இல்லை, காரணம் நோய்தான் என்றும் தோன்றியது. இப்படியும் அப்படியுமாக மத்தியானம் முழுக்க என்னை நானே மிதித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து, இதய வால்வு பழுதான ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். ஆரம்பக் கட்டக் காய்ச்சல். நடக்கவைத்தும் பார்த்தார்கள். கண்டக்டருக்கு ஜோடி கிடைத்துவிட்டது. டப்பா திறக்கப்பட்டது.

யாரோ என் முன்னால் நிற்பது தெரிந்து நிமிர்ந்தேன். இலையில் எலுமிச்சைச் சோறு.

"புடி. துன்னு."

"பசிக்கலக்கா."

"எனக்கு உன் மேலதான் கோவம். சோத்து மேல இல்ல. துன்னு."

சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டதில் உப்பு எவ்வளவு இருந்தது என்று தெரியவில்லை. அவர் நான் முடிக்கும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் சில நாட்களில் தொந்தரவில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். என் கணவருக்கு அப்படி லேசில் முடியவில்லை. ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள், பலம் குறைந்த இதயத்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து, அதையும் இறக்கப் பாடுபட்டார்கள். ஒரு காலை, "எதுவும் சொல்ற மாதிரி இல்ல" என்றார்கள். அதற்கடுத்த காலை, "தேவலாம்" என்றார்கள். அந்த இரண்டு காலைகளுக்கும் நடுவில் நான் என்ன சாப்பிட்டேன், யாரிடம் பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. எப்படியோ மீண்டார். வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, பல வாரம் கழித்துத் தறியில் உட்கார்ந்தார். இதயத்தின் பம்பிங் இன்னும் சற்றுக் குறைந்திருக்கிறது. கொரோனாவாலா, அது இல்லாவிட்டாலும் குறைந்திருக்குமா என்று கேட்டால், இதய டாக்டரும் கையைத்தான் விரிக்கிறார்.

என் கணவருக்கு மட்டும் இதில் குழப்பமே கிடையாது. என் மேல் கோபம் இருந்தால், "நீ கம்முனு இருந்திருந்தா நானும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸுல வூட்டுக்கு வந்திருப்போம்" என்பார். குஷியாக இருந்தால், "இவ வாயத் தொறந்ததாலதான் நான் உசுரோட இருக்கேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரே நாளில் இரண்டையும் சொன்னதுண்டு. இரண்டையும் நான் முழுசாக நம்பியதும் உண்டு.

அந்த அக்கா எப்போதாவது வாலாஜாபாத்திலிருந்து கூப்பிடுவார். ஒருமுறை கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு நீ சொன்னது நல்லதா, கெட்டதா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியலமா. அந்த மருந்தாலதான் எங்க வூட்டுக்காரரு பொழச்சாரா, இல்லன்னாலும் பொழச்சிருப்பாரா, அதுவும்தான் தெரியல. விடு, பருப்பு வேவுது, வைக்கிறேன்."

பலித்தது எது, தவறியது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் என் கணவர் உயிரை வைத்து ஒரு பொய்யான நாளை எழுதவிட்டு, அது பலித்துவிட்டது என்று வாழ்ந்திருந்தால், இன்று இந்தத் தெரியாமையோடு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சோறு போடுகிறேனே, அப்படிப் போட என்னால் முடிந்திருக்காது.